ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து மாதக் கணக்கு

குளிர்காலத்தில் குல்மார்குக்கோ சோலாங் பள்ளத்தாக்குக்கோ போய் வந்தவர்களுக்கு ஸ்நோமொபைல் புதிதல்ல. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பது போன்ற ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஓர் இருக்கை. ஓட்டுபவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சுற்றிவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு, பேரம் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவோம். அதே வண்டியில் நாளொன்றுக்கு 200 கி.மீ. வீதம் நாலைந்து நாள் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் டெல்லியில் இருக்கும் என் உறவினர்கள் சிரிக்கிறார்கள். "அப்படி எங்கே போறதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போய்ச் சேரும் இடம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலோர் கிளம்பிய ஊருக்கே சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

நான் வேலை பார்ப்பது கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் வடக்கே உள்ள சட்பரி என்ற நிக்கல் சுரங்க நகரத்தில். இங்கே இந்த வண்டியை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'ஸ்லெட்' என்று சுருக்கிவிடுவார்கள். இந்த ஒரு மாகாணத்தில் மட்டும் இதற்கென்று பராமரிக்கப்படும் பாதை சுமார் 30,000 கி.மீ. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் அதற்கும் கூடுதல். காட்டுக்குள்ளும், உறைந்த ஏரிகள் மீதும், மின்கம்பி வரிசைகளின் கீழும், ரயில் நின்றுபோன பழைய இருப்புப் பாதைத் தடங்களிலும் ஓடும் பாதைகள். எழுத்துகளும் எண்களும் இட்டு, கைகாட்டிகள் நட்டு, நெடுஞ்சாலை போலவே ஒழுங்கு செய்யப்பட்டவை. ஏப்ரலில் பனி உருகியதும் அந்த ஒழுங்கு முழுவதும் சேறும் புதருமாகிவிடும். டிசம்பரில் மறுபடி முதலிலிருந்து.

இதில் நீண்ட பயணம் திட்டமிடுவது தனிக் கலை. எனக்கு அதில் பத்து வருஷப் பழக்கம். ஆனால் 2025 பிப்ரவரியில் மேற்கொண்ட பயணத்துக்கு நான் போட்ட திட்டம் வேறு மாதிரியானது. என்னுடன் வந்தவன் என் மைத்துனன்.

என் கல்யாணத்தில் மண்டப வாசலில் சொம்புத் தண்ணீர் ஊற்றி என் காலைக் கழுவி, அதற்கு மோதிரம் வாங்கிக்கொண்டவன் அவன். அப்போது பதினேழு வயது. இப்போது ஐம்பது. டொரோண்டோவுக்கு அருகே ஒரு லாரி நிறுவனத்தில் வண்டிகளை அனுப்பும் வேலை. பத்தொன்பது வருஷமாகச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின். கடந்த சில வருஷங்களாகப் பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. "அத்தான், ஒரு தடவை உங்க கூட வடக்கே வரணும். இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுன்னா டாக்டர் விடமாட்டாரு" என்று செப்டம்பரில் போன் செய்தான். என் மனைவி பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது ஒரே வார்த்தை: "கால்."

அந்தக் கால்தான் திட்டத்தை வகுத்தது.

விஷயம் இதுதான். குளிரில் விரல் விறைக்கத் தொடங்கும்போது முதலில் வலிக்கும். வலி நமக்குக் கிடைக்கும் தந்தி. பிறகு மரத்துப்போகும், பிறகு தோல் வெளிறும், பிறகு திசு உறையும். முதல் கட்டத்திலேயே நின்று சூடுபடுத்திக்கொண்டால் எதுவும் ஆகாது. என் மைத்துனனுக்கு அந்தத் தந்தி வராது. ரத்த ஓட்டமும் மட்டு. மைனஸ் 25 டிகிரியில் மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று பட்டால், திறந்திருக்கும் தோலுக்கு அது காற்றில்லாத மைனஸ் 42 டிகிரி போல. வண்டியில் போகிறவனுக்குக் காற்று வீச வேண்டிய அவசியமே இல்லை; அவன் வேகமே காற்று.

டாக்டர் தடை சொல்லவில்லை. நிபந்தனைகள் சொன்னார். மணிக்கொரு தரம் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, இன்னொருவர் கண்ணால் பாதத்தைப் பார்க்க வேண்டும். பாதம் வெளிறியிருந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டக் கூடாது. உணர்ச்சியில்லாத கால், சுடுவதும் தெரியாமல் வெந்துபோகும். பூட்ஸுக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்களுக்கும் அதே காரணத்தால் தடை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் போகிற சாதனம் அது.

மணிக்கொரு தரம் நிற்பது என்றால் எங்கே நிற்பது? இங்கிருந்துதான் வரைபட வேலை தொடங்குகிறது.

சாதாரணமாக இந்தத் திட்டத்தை நிர்ணயிப்பது பெட்ரோல். பயண வண்டியின் டாங்க் சுமார் 40 லிட்டர் பிடிக்கும். நூறு கிலோமீட்டருக்கு 15 முதல் 20 லிட்டர் வரை குடிக்கும். புதுப் பனி ஆழமாக இருந்தால் இன்னும் அதிகம். காகிதக் கணக்குப்படி 200 கி.மீ. போகலாம். காட்டில் காகிதக் கணக்கை நம்புகிறவன் யாருமில்லை. 150-க்குள் அடுத்த பங்க் வர வேண்டும், அந்த பங்க் நாம் சேரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும், அங்கே நல்ல ரக பெட்ரோல் இருக்க வேண்டும். வடக்கே சில இடங்களில் ஓர் உணவு விடுதியும் ஒரு பம்பும் மட்டும்; உரிமையாளர் கல்யாணத்துக்குப் போனால் இரண்டும் மூடிக்கிடக்கும். அதனால் முதல் நாள் மாலையே போன் போட்டுக் கேட்டுவிடுவது வழக்கம். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நான் மதிப்பதில்லை. மனிதக் குரல் "இருக்கோம், வாங்க" என்று சொன்னால்தான் நம்பிக்கை.

இந்த முறை பெட்ரோலைவிட நெருக்கமான கணக்கு தேவைப்பட்டது. சராசரியாக 40, 45 கிலோமீட்டருக்கு ஓர் இடம்: காற்று படாத நான்கு சுவர், முடிந்தால் கணப்பு. ஊர், உணவு விடுதி, சங்கத்தார் கட்டி வைத்த மரக் குடில், நெடுஞ்சாலையைப் பாதை கடக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அங்கிருந்து போனில், நான் இங்கிருந்து. அவனுக்குத் தொழிலே வண்டிகளை எங்கே நிறுத்துவது, எப்போது அனுப்புவது என்பதுதான். அந்தப் பட்டியலை ஓட்டுநர்களுக்குப் போடும் அட்டவணை போலவே போட்டு அனுப்பினான். நேரத்துக்கு எதிரே ஒரு பத்தி: 'இன்சுலின்'. இன்னொரு பத்தி: 'சாப்பாடு'. மூன்றாவது பத்தி: 'கால்'.

இன்சுலின் உறைந்தால் வீண். பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே பெட்டியில் வைக்க முடியாது, வண்டிப் பையிலும் வைக்க முடியாது. உடம்போடு ஒட்டிய உள்சட்டையில் பை தைத்து வைத்துக்கொண்டான். சர்க்கரை பார்க்கும் கருவியும் அங்கேயே, அதுவும் குளிரில் வேலை செய்ய மறுக்கும். செல்போன் பேட்டரி பத்து நிமிஷத்தில் செத்துவிடும். அதற்கும் அந்தப் பையில் இடம் வேண்டும். "கங்காரு மாதிரி இருக்கேன் அத்தான்" என்றான். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பது ஆபத்து என்று, மாற்று இன்சுலின் ஒன்றை என் உள்சட்டையில் வைத்துக்கொண்டேன். சர்க்கரை இறங்கினால் உடம்பு நடுங்கும், குளிரிலும் நடுங்கும். இரண்டில் எது என்று ஹெல்மெட் போட்ட மனிதனிடம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நிறுத்தும் இடமெல்லாம் முதலில் குளுக்கோஸ் மாத்திரை, பிறகு பேச்சு என்று விதி வைத்தோம்.

வழி எது என்பதில் எங்களுக்குள் தகராறு. அவனுக்கு ஆழ்காடு வேண்டும். அபிடிபி அணைக்கட்டுப் பக்கம் போகும் பாதையைப் படத்தில் பார்த்து மயங்கியிருந்தான். நான் 11-ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு விலகக் கூடாது என்று நின்றேன். காக்ரேனிலிருந்து மேற்கே ஸ்மூத் ராக் ஃபால்ஸ், கபஸ்கேசிங், ஹெர்ஸ்ட் என்று அந்தச் சாலையில் ஊர்கள் மணி கோத்தது போல வரும். காக்ரேனுக்கும் ஹெர்ஸ்ட்டுக்கும் சாலை வழி சுமார் 215 கி.மீ.; பனிப்பாதை வளைந்து வளைந்து போவதால் கூடுதல். ஒரே மூச்சில் ஒரு நாளில் போகிறவர்கள் உண்டு. நாங்கள் போக இரண்டு நாள், ஹெர்ஸ்ட்டைச் சுற்றி ஒரு நாள், திரும்ப இரண்டு நாள் என்று ஐந்து நாளாகப் பிரித்தோம். அழகு குறைவு, ஆனால் எந்த இடத்திலிருந்தும் வெளியேற வழி உண்டு. ஹெர்ஸ்ட்டிலிருந்து பஸ் கூட உண்டு. திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் பஸ் விவரத்தை எழுதியபோது அவனுக்குக் கோபம் வந்தது. "பஸ்ல போறதுக்கா இவ்வளவு தூரம் வர்றேன்?" என்றான். எழுதியதை நான் அழிக்கவில்லை.

இந்த வண்டி பிறந்த கதையே மருத்துவமனைக்குப் போக முடியாமல் போன கதைதான். கியூபெக்கில் வால்கோர்ட் என்ற ஊரில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக், பனியில் ஓடும் வண்டி செய்வதில் பித்துப் பிடித்தவர். பதினைந்து வயதிலேயே விசிறி வைத்து ஒரு வண்டியை ஓட்டிக் காட்டியவர். அந்தக் காலத்தில் குளிர்காலச் சாலைகளில் பனியை அகற்றும் வழக்கம் கிடையாது. குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிதான் போக்குவரத்து. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றி வயிற்றறைக்குப் பரவியது. மருத்துவமனை இருந்தது 50 கி.மீ. தள்ளி ஷெர்ப்ரூக்கில். வீட்டுக் கொட்டகையில் பாதி செய்த வண்டி கழற்றிக் கிடந்தது. குழந்தை இறந்துவிட்டது. அடுத்த சில வருஷங்களில் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்பை அவர் முடித்து 1937-இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் அந்த வண்டிகளை டாக்டர்களும் தபால்காரர்களும் வாங்கினார்கள். பள்ளிக் குழந்தைகள் ஏறிப் போனார்கள். 1940-களின் கடைசியில் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனி அகற்ற ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகுதான், 1959-இல், ஒருவர் இருவர் போகும் சிறிய வண்டியான 'ஸ்கீ-டூ' வந்தது. மத போதகர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் என்று நினைத்துச் செய்தது, விளையாட்டு வண்டியாகப் பரவிவிட்டது. பொம்பார்டியே 1964-இல் காலமானார். அந்தப் பரவலின் உச்சத்தை அவர் பார்க்கவில்லை.

நீண்ட தூரப் பயணத்துக்கும் அதே காலத்தில் பிள்ளையார் சுழி போட்டார்கள். 1960-இல் மினசோட்டாவின் எட்கர் ஹெட்டீன், தம் கம்பெனியின் வண்டி நம்பகமானது என்று காட்ட, அலாஸ்காவில் பெத்தெல் என்ற இடத்திலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டிப் போனார். 1968-இல் ரால்ஃப் பிளெய்ஸ்டட் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஸ்நோமொபைலிலேயே வடதுருவத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பனிக்கட்டி மீது பயணம் செய்து அங்கே போனவர்களில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்ட முதல் பயணம் அதுதான் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். முந்தின வருஷம் முயன்று தோற்றுத் திரும்பியிருந்தார் என்பதை நான் என் மைத்துனனிடம் வேண்டுமென்றே இரண்டு முறை சொன்னேன்.

அவர்களுக்குப் பாதை கிடையாது. எங்களுக்கு உண்டு. அதை உண்டாக்குவது யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்கால இரவுகளில் சம்பளமில்லாமல் பாதை சமன் செய்யும் இயந்திரம் ஓட்டுகிறார். ஓர் இரவு என்னையும் கூட ஏற்றிக்கொண்டார். அகலமான பட்டை போட்ட டிராக்டர், பின்னால் இரண்டு லாரி நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். பகலெல்லாம் வண்டிகள் போய்ப் போய்ப் பாதையில் ஒட்டக முதுகு போல மேடுபள்ளம் விழுந்திருக்கும். சட்டத்தின் கத்திகள் மேடுகளை அடிவரை சீவி, பனியைப் புரட்டி உதிர்த்து, கடைசியில் உள்ள தட்டு அதை அழுத்திவிட்டுப் போகும். வேகம் மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் அதிகம். உதிர்ந்த பனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இரவின் குளிர் அதற்கு உதவும். சிமெண்ட் பூச்சுக்குத் தண்ணீர் காட்டுவது போல, இதற்குக் குளிர் காட்ட வேண்டும். அதற்குள் யாராவது மேலே ஓட்டினால் செய்த வேலை பாழ். "காலையில் எட்டு மணிக்கு வந்து, பாதை அருமையாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு, இரண்டு மணிக்கு நான் இங்கே இருந்தது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை" என்றார். நாற்பது கிலோமீட்டர் முடிக்க விடிந்துவிட்டது. ஃப்ளாஸ்கில் காபி தீர்ந்து வெகுநேரம்.

பாதைச் சங்கங்களின் வருமானம் பெரும்பகுதி அனுமதிச் சீட்டு விற்பனை. சீட்டை வண்டியின் முன்பக்கம் ஒட்டாமல் பாதையில் இறங்குவது சட்ட விரோதம். பணத்தைவிடப் பெரிய சொத்து நில உரிமையாளர்களின் வாய்ச்சொல். தென்பகுதியில் பாதைகள் விவசாயிகளின் வயல் வழியே போகின்றன. வாடகை கிடையாது, ஒரு கைகுலுக்கல், புத்தாண்டுக்கு ஒரு பரிசுக் கூடை. எவனோ ஒருவன் கைகாட்டியைத் தாண்டி முளைத்த கோதுமை மீது வண்டி ஓட்டினால், மறுநாள் வயல்காரர் பாதையை மூடிவிடுவார். அரை கிலோமீட்டர் மூடினால் நூறு கிலோமீட்டர் வளையம் அறுந்துபோகும். வடக்கே பெரும்பாலும் அரசு நிலம், மரம் வெட்டும் கம்பெனிகளின் சாலை. அங்கே லாரி ஓட ஆரம்பித்தால் பாதையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ஆகவே செப்டம்பரில் வரைந்த கோடு பிப்ரவரியில் இருக்கும் என்று நிச்சயமில்லை. பாதை வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் ஓரளவு, சிவப்பு என்றால் மூடியது. ஜனவரி முழுவதும் என் மைத்துனன் பங்குச் சந்தை பார்ப்பவன் போல அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2023-24 குளிர்காலம் கனடா பதிவு செய்தவற்றிலேயே வெப்பமானது. அந்த வருஷம் தெற்கே பல பாதைகள் பச்சையைக் கண்ணால் பார்க்கவே இல்லை. வடக்கே போகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இன்னும் வடக்கே போக வேண்டியிருப்பதற்கு அதுவும் காரணம்.

பிப்ரவரி முதல் வாரம். சட்பரியிலிருந்து டிரெய்லரில் இரண்டு வண்டிகளை ஏற்றி, நாலரை மணி நேரம் ஓட்டிக் காக்ரேன் சேர்ந்தோம். வெள்ளைக் கரடிச் சிலை வரவேற்கும் ஊர். மறுநாள் காலை மைனஸ் 22. இங்கே அது நல்ல சீதோஷ்ணம்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. கருப்பு ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே, கத்தியால் கேக் வெட்டியது போல நேராகப் போகும் வெள்ளைப் பாதை. ஒண்டாரியோவில் பாதையில் பொதுவான வேக வரம்பு 50 கி.மீ.; கணக்கு அதை வைத்துத்தான் போட்டிருந்தோம். எதிரே கூட்டம் வந்தால் முதல் ஆள் கட்டைவிரலைப் பின்னால் காட்டுவார்: இன்னும் பேர் வருகிறார்கள். கடைசி ஆள் மூடிய முஷ்டியை உயர்த்திக் காட்டுவார்: என்னோடு சரி. எங்கள் இருவரில் நான் முன்னே, அவன் பின்னே. எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் அவன் முஷ்டியை உயர்த்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அரசியல் ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி இருந்தது.

நின்ற இடமெல்லாம் பூட்ஸ் கழற்றினான். நான் முட்டிபோட்டு உட்கார்ந்து டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். ஸ்மூத் ராக் ஃபால்ஸ் உணவு விடுதியில் பரிமாற வந்த அம்மாள் ஒரு கணம் தயங்கிவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு காபி வைத்துவிட்டுப் போனார். "மோதிரம் எனக்கு இல்லையா?" என்று அவனிடம் கேட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தான். அன்றிரவு கபஸ்கேசிங்கில் தங்கினோம். சர்க்கரை அளவும் பாத நிறமும் சட்பரிக்குப் போனில் ஒப்பிக்கப்பட்டன.

இரண்டாம் நாள் காலை மைனஸ் 34. இந்த நிலைமையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம்: மைனஸ் 28-க்கு மேலே ஏறும்வரை கிளம்புவதில்லை. பக்கத்து அறைக்காரர்கள் எட்டு மணிக்கு எஞ்சினை உறுமவிட்டுக் கிளம்பியபோது அவன் ஜன்னலில் நின்றான். எழுதியது அவன்தான், அட்டவணையில் அவன் கையெழுத்துதான். அதனால் ஒன்றும் சொல்லவில்லை. பத்தரைக்குக் கிளம்பினோம். பிப்ரவரியில் இங்கே ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும், பொழுது இறங்கியதும் குளிர் கிணற்றில் விழுந்தது போல விழும். ஆகவே நிறுத்தும் நேரத்தைக் குறைக்க முடியாது, வேகத்தையும் கூட்ட முடியாது. வழியை மட்டும்தான் குறைக்கலாம். ஓர் ஏரியைச் சுற்றிப் போகும் பாதைக்குப் பதில் ஏரிக்கு மேலே கம்பு நட்ட பாதை இருந்தது. அதில் 15 கி.மீ. மிச்சம். மூன்று வாரமாகக் கடுங்குளிர். பனிக்கட்டி லாரி தாங்கும். ஆனால் ஏரியில் மரம் கிடையாது, காற்றுக்குத் தடை கிடையாது. பனிக்கட்டியின் கனம் அவன் காலுக்கு உதவாது. காட்டு வழியே போனோம்.

ஹெர்ஸ்ட்டுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கையில் கடைசிக் குடில். வலது காலின் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மெழுகு நிறத்தில் இருந்தன. அழுத்தினால் மேல்தோல் விறைப்பு, உள்ளே மென்மை. உறைதலின் தொடக்கக் கட்டம். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. "என்ன அத்தான், நல்லாத்தானே இருக்கு?" என்று குனிந்து பார்த்தவன் நிமிரவில்லை.

குடிலில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கம் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து, என் கோட்டைத் திறந்து, அவன் பாதத்தை என் வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. தேய்க்கக் கூடாது, வெறும் உடம்புச் சூடு மட்டும். இருபது நிமிஷம். இருவரும் சின்ன வயதில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசினோம் என்று நினைவு. முதலில் திட்டுத் திட்டாகச் சிவந்தது, பிறகு பரவலாக. கொப்புளம் இல்லை. புதுக் காலுறை இரண்டு. அங்கேயே செயற்கைக்கோள் கருவியில் ஹெர்ஸ்ட் விடுதிக்கும் மனைவிக்கும் செய்தி அனுப்பினேன். பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடம் ஆறு கிலோமீட்டரில் இருந்தது. விடுதிக்காரர் பிக்-அப் வண்டியோடு அங்கே வந்து அவனை ஏற்றிக்கொண்டார். அவனுடைய ஸ்லெட்டை அங்கேயே மரத்தடியில் நிறுத்திவிட்டு நான் சாலையோரப் பாதையில் பின்தொடர்ந்தேன். ஹெர்ஸ்ட்டில் பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சு. டாக்டரும் அப்படியே. பாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டதை நர்ஸ் மொழிபெயர்த்தார்: "இதை முதலில் கவனித்தது யார்?"

விரல்கள் பிழைத்தன. பத்து நாள் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு முறை குளிர் தாக்கிய விரல் அடுத்த முறை சீக்கிரம் இணங்கும். ஐந்து நாள் திட்டம் இரண்டு நாளில் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த பஸ்ஸில் இருவரும் ஏறிக் காக்ரேன் திரும்பினோம். ஜன்னல் வழியே நெடுஞ்சாலைக்கு இணையாகப் பாதை தெரிந்தும் மறைந்தும் வந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான், வாய் திறக்கவில்லை. பிறகு நான் டிரெய்லரோடு மறுபடி ஹெர்ஸ்ட்டுக்குப் போய் இரண்டு வண்டிகளையும் ஏற்றி வந்தேன். அந்தத் தூரத்துக்கான பெட்ரோலும் திட்டச் செலவில் சேர்த்திருந்தது.

மூன்று மாதம் அவன் இதைப் பற்றிப் பேசவில்லை. என் மனைவியும் பேசவில்லை, அது வேறு விதமான மௌனம். ஜூனில், வீட்டில் ஒரு காது குத்துக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். புது அட்டவணை. மார்ச் மாதம், குளிர் தணிந்த பிறகு. நாளைக்கு 80 கி.மீ. நிறுத்தங்கள் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. அவன் ஓட்டப் போவதில்லை. பின்னிருக்கை சூடாகும் இரட்டை வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வருவான். 'கால்' பத்தி அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் பஸ் நேரம் அவன் கையாலேயே எழுதப்பட்டிருந்தது.

என் மனைவி காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். பேனா கேட்டாள். 25 என்பதை அடித்துவிட்டு 20 என்று எழுதினாள்.